முப்பத்தாறில் இறந்தவர்களை வாசித்தவர்

"செத்தவங்களை வாசிக்க வருமா உனக்கு?"

ஊரே மரியாதையாகத் தோன்யா என்று அழைக்கும் ஒத்தீலியா என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். வேலை கேட்டு நான் போயிருந்த காலை. வெளியே மூடுபனி இறங்கி, எதிர்ப்பக்கத்து டயர் கடைகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, கைக்கண்ணாடியில் பார்த்து உதட்டுச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்.

"ஸ்பானிஷ் தடங்கலில்லாம வாசிப்பேன்" என்றேன்.

"கிளிக்குச் சொல்லிக் கொடுத்தா அதுவும் வாசிக்கும். நான் கேட்டது அது இல்ல. ஒருத்தர் பேரைச் சொல்லி 'காலமானார்'னு சொல்லும்போது உன் குரல் அழக் கூடாது. பஸ் நேரம் சொல்ற மாதிரியும் இருக்கக் கூடாது. முடியுமா?"

"முயற்சி பண்றேன்."

"எந்த மொழியில படிச்சே?"

"ஸ்பானிஷ், இங்கிலீஷ் ரெண்டுலயும்."

"ரெண்டுலயும் வாயைத் திறக்க மாட்டே போல. நல்லது. உனக்கு முன்னாடி இருந்தவ பிறந்தநாள் வாழ்த்து நேரத்துல தன் காதலனுக்குப் பாட்டுப் போட்டா. மறுநாள் அவனோடவே போயிட்டா."

உள்ளே ஏதோ கம்பிகளைப் பற்றவைத்துக்கொண்டிருந்த தோன் ஃபெர்மீன், அந்தச் சிறிய தொலைக்காட்சி நிலையத்தின் உரிமையாளர், தலையை நீட்டினார். "ஒத்தீலியா, பொண்ணை விரட்டிடாதே. இந்தக் கூரையைப் பார்த்துட்டும் உள்ள வந்திருக்கா. தைரியசாலி."

"நீ உன் கம்பிகளைப் பாரு, கிழவா." பிறகு என் பக்கம் திரும்பி, மேசையில் இருந்த கறுப்புத் தொலைபேசியைக் காட்டினார். "இது அடிச்சா எடு. பிறந்தநாள், தொலைஞ்ச நாய், பழம் பறிக்க ஆள், எல்லாம் இதுலதான் வரும். ஆனா பனி இறங்கின காலையில ஒரு அழைப்பு வரும். அந்தப் பக்கம் யாரும் பேச மாட்டாங்க."

"வெச்சிடட்டுமா?"

"வெச்சிடாதே. யாருன்னும் கேக்காதே."

"அப்புறம் என்ன செய்யறது?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். ரிசீவரை மேசையில கவனமா வை. அவன் கேட்டு முடிக்கட்டும்."

"யாரு?"

"இப்பத்தானே சொன்னேன், கேக்காதேன்னு."

அன்றே எனக்கு வேலை கிடைத்தது.

கலிஃபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில் த்ரெஸ் போசோஸ் எங்கள் ஊர். சுற்றிலும் பாதாம் தோப்புகள், ஒரு தக்காளி ஆலை, ஊரை இரண்டாக வெட்டிக்கொண்டு ஓடும் பாசன வாய்க்கால். பெரிய நிலையங்கள் மலை உச்சியிலிருந்து பாதி மாநிலத்துக்கு ஆங்கிலத்தில் ஒளிபரப்பின. முப்பத்தாறாவது அலைவரிசை சிறியது. பழைய பஞ்சாலைக் கோபுரத்தின் மேலிருந்து கிளம்பும் அதன் அலை, தோப்புகளின் எல்லைக்கு வந்ததும் களைத்துப்போய்விடும். ஆனால் அது எங்கள் மொழியில் பேசியது. ஊரில் யாரும் அதை நிலையம் என்று சொன்னதில்லை. "முப்பத்தாறுல சொன்னாங்க" என்பார்கள், அவ்வளவுதான்.

தோன் ஃபெர்மீன் தொலைக்காட்சிப் பெட்டி பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர். வேறு யாரும் கேட்காத உரிமத்தை வாங்கி, மூடிப்போன சோள ரொட்டிக் கடையில் ஒரு நீலத் திரையைத் தொங்கவிட்டு, கல்யாண வீடியோ எடுக்கும் கேமராவை அதன் முன் நிறுத்தினார். மழை நாளில் அந்தச் சுவர்களிலிருந்து இன்றும் வெந்த சோள வாசனை எழும்.

ஒத்தீலியா அங்கே வேலை தேடி வரவில்லை. பீச் பழங்களைத் தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலை செய்துகொண்டிருந்தவர். ஒரு ஜனவரி காலை, அவருடைய தம்பி எவேலியோ பால்பண்ணை வேலைக்குச் சைக்கிளில் கிளம்பினான். நான் வேலைக்குப் போன நாளைப் போலவே அன்றும் பனி. அவன் பண்ணைக்குப் போய்ச் சேரவில்லை. சைக்கிள் வாய்க்கால் கரையில் கிடைத்தது, ஸ்டாண்டு போட்டு நிறுத்தியபடி, விழாமல். காவலர்கள் தண்ணீரில் கொக்கி போட்டுத் துழாவினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. எல்லைக் காவல் படை பிடித்துக்கொண்டு போய்விட்டது என்றார்கள் சிலர். இன்னொருத்தி இருந்தாள் என்றார்கள் வேறு சிலர். வீட்டில் அவன் மனைவி அம்பாரோவும், தொட்டிலில் நயேலி என்ற குழந்தையும் இருந்தார்கள்.

தம்பியைக் காணோம் என்று சொல்லத்தான் ஒத்தீலியா கொட்டகை மேலங்கியோடு கேமரா முன் வந்து நின்றார். அழவில்லை. "எவேலியோ, கதவு திறந்துதான் இருக்கு" என்று மட்டும் சொன்னார். அதைக் கேட்ட தோன் ஃபெர்மீன் நாளைக்கும் வரச் சொன்னார். மறுநாள் வந்தவர் அப்படியே இருந்துவிட்டார். வேலைக்கு ஆள் தேவை, தேவாலய பூசை நேரம், தண்ணீர் நிறுத்தும் நாள் எல்லாவற்றையும் வாசித்தார். மதியத்துக்கு முன்னால் இறந்தவர்களை வாசித்தார். முடிவில் நாள் தவறாமல் அந்த ஒரு வரி.

இறந்தவர்களை வாசிப்பதில் ஒரு விதி இருந்தது. வீட்டு ஆள் ஒருவர் நேரில் வந்து, படத்தை மேசையில் வைத்து, தன் வாயால் சொல்ல வேண்டும். தொலைபேசியில் சொன்னால் வாசிக்க மாட்டார்கள். ஆரம்பத்தில் ஒரு முறை அப்படி வாசித்துவிட்டார்கள். த்ராங்கிலீனோ என்ற திராட்சைத் தோட்டக்காரர் மாலையில் சாப்பாட்டுப் பெட்டியோடு வீடு திரும்பினால், கூடத்தில் அவர் படத்துக்கு முன்னால் பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஊரே சிரித்தது. ஆனால் அதற்குப் பிறகு யாரும் அவருக்கு எதிரில் சரியாக நின்று பேசவில்லை. கை கொடுப்பதற்கு முன் ஒரு கணம் தயங்கினார்கள். அவரும் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொண்டு, அறுவடை முடிவதற்குள் உண்மையாகவே போய்விட்டார்.

அன்றிலிருந்து ஊருக்கு ஒரு எண்ணம் படிந்துவிட்டது. முப்பத்தாறு சொல்லும்வரை யாரும் இறந்ததில்லை. மருத்துவமனை சொன்னாலும், பாதிரியார் சொன்னாலும், அங்கே பெயர் வாசிக்கப்படும்வரை ஒன்பது இரவுச் செபம் தொடங்காது, துக்கத்துக்கு வருபவர்களுக்குச் சோளத்தோலில் பொதிந்த தமாலே வேகவைக்க யாரும் அடுப்பு மூட்ட மாட்டார்கள்.

எவேலியோவின் பெயரை மட்டும் யாரும் கொண்டுவரவில்லை.

வேலைக்குச் சேர்ந்த வாரமே அந்த அழைப்பை நான் கேட்டேன். ஒத்தீலியா கேமரா முன் இருந்தார். ரிசீவரை எடுத்தேன். ஏதோ ஒரு அறை. யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் நாற்காலியின் கிறீச்சொலி. சற்றுத் தள்ளி ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, அதில் ஒத்தீலியாவின் குரல். எதிரில் வாசித்துக்கொண்டிருந்த குரல் ஒரு காதிலும், அதே குரல் அந்த அறையிலிருந்து மறு காதிலும் ஒரே நேரத்தில் விழுந்தன. "எவேலியோ, கதவு திறந்துதான் இருக்கு" என்று அவர் முடித்ததும் இணைப்பு அறுந்தது.

"பயந்துட்டியா?" என்று தோன் ஃபெர்மீன் கேட்டார். "இதுல ஒண்ணுமில்ல. பனி நாள்ல கீழ குளிர் காத்து, மேல சூடு. ரெண்டுக்கும் நடுவுல அலை குழாய்க்குள்ள போற மாதிரி போகும். மலைக்கு அந்தப் பக்கம் மீன்பிடிக்கிற ஊர்லேருந்து ஒருத்தர் நம்ம படம் தெரியுதுன்னு எழுதியிருக்கார். தெற்கே பாலைவனத்துல ஒரு லாரிக்காரர் சாப்பாட்டுக் கடையில பார்த்திருக்கார். யாரோ தூரத்துல உட்கார்ந்து பாக்கறாங்க. அவ தம்பின்னு நினைச்சுக்கறா. இருந்துட்டுப் போகட்டுமே."

அந்த விளக்கம் எனக்குப் போதுமானதாக இருந்தது. ஒத்தீலியாவின் நம்பிக்கையும் அதன்மேல்தான் நின்றது. அவன் எங்கோ உயிரோடு இருக்கிறான். வெட்கமோ பயமோ அவனைப் பேசவிடாமல் தடுக்கிறது. பனி இறங்கும்போது மட்டும் ஊர் அவனுக்குத் தெரிகிறது.

பிறகு டிஜிட்டலுக்கு மாறச் சொல்லி அரசின் கெடு வந்தது. பெரிய நிலையங்கள் எப்போதோ மாறிவிட்டன. எங்களைப் போன்ற சிறியவற்றை விட்டுவைத்திருந்தார்கள்.

"மாறினா பனியில தூரம் போகுமா?" என்று ஒத்தீலியா கேட்டார்.

"போகலாம். ஆனா பழைய பெட்டியில ஒண்ணும் வராது. புதுசுல புள்ளி புள்ளியா தெரியறதெல்லாம் கிடையாது. வந்தா முழுசா வரும், இல்லேன்னா வராது. அவன்கிட்ட என்ன பெட்டி இருக்கு?"

"எனக்கென்ன தெரியும்? நான் போய்ப் பார்த்தேனா?"

"கேட்டுப் பாரேன். உன்னைத்தானே கூப்பிடறான்."

ஒத்தீலியா கையிலிருந்த காப்பிக் கோப்பையை அவர்மேல் வீசவில்லை. மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். கோடையில் ஒரு நண்பகல் தோன் ஃபெர்மீன் பழைய டிரான்ஸ்மிட்டரை அணைத்தார். நிலையத்தின் நடைவழியில் அதைக் கொண்டுவந்து போட்டு, கம்பிகளை வெட்டிச் சுருட்டி அதன் மேலே வைத்தார்.

மாற்றத்தில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். இப்போது எல்லாம் தாமதமாக வந்தது. நாங்கள் பேசியது அலையாக மாறிப் பெட்டிக்குத் திரும்புவதற்குள் சில நொடிகள் கழிந்துவிடும். அறை மூலையில் இருந்த பெட்டியில் ஒத்தீலியா ஏற்கெனவே சொல்லி முடித்ததைச் சொல்லிக்கொண்டிருப்பார். "யாரோ பின்னால நின்னு என்னைப் பழிச்சுக் காட்டற மாதிரி இருக்கு" என்று சிடுசிடுப்பார்.

குளிர்காலம் வந்தது. பனி இறங்கிய முதல் காலையில் தொலைபேசி அடித்தது.

எடுத்தேன். அதே அறை, அதே நாற்காலி. எதிரில் ஒத்தீலியா பள்ளிக்கூட விடுமுறையை வாசித்துக்கொண்டிருந்தார். ரிசீவருக்குள் அவர் குரல் கேட்டது. அவருடைய உதடுகளைப் பார்த்தேன். உதடும் குரலும் ஒன்றாகவே போயின. மூலைப் பெட்டியில் அவர் இன்னும் முந்தைய வாக்கியத்தில் இருந்தார்.

கையசைத்துத் தோன் ஃபெர்மீனைக் கூப்பிட்டேன். அவர் ரிசீவரைக் காதில் வைத்து, ஒத்தீலியாவைப் பார்த்தார், மூலைப் பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னிடம் கொடுத்துவிட்டு நடைவழிக்குப் போய், பழைய டிரான்ஸ்மிட்டரின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"சில்லுன்னு இருக்கு. இது ஓடல" என்றார்.

எதற்கும் ஒரு காரணம் வைத்திருக்கும் மனிதர் அன்று வேறெதுவும் சொல்லவில்லை. நான் மறுபடி காதில் வைத்தபோது, இத்தனை நாளும் கம்பியின் இரைச்சல் என்று நினைத்திருந்த ஒலியை முதல் முறையாகக் கவனித்தேன். தண்ணீர். அவசரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் ஒத்தீலியா என்னைக் கேட்டார். "எவ்வளவு பிந்தி வந்துது?"

"பிந்தவே இல்லை."

அவர் கைக்கண்ணாடியை எடுத்தார், பூச ஒன்றும் இல்லாமல் மூடினார். "அப்போ அவன்கிட்ட பழைய பெட்டிதான் இருக்கு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அவர் முகத்தோடு சேரவில்லை.

மறுநாள் முதல் அவருடைய கடைசி வரி மாறியது. கதவைப் பற்றி அவர் பேசவில்லை. "எவேலியோ, இங்கே எல்லாரும் நல்லா இருக்கோம்" என்றார்.

பாதாம் பூத்த நாட்களில் அம்பாரோ வந்தார். அவருக்கும் முடி நரைக்கத் தொடங்கியிருந்தது. மேசையில் எவேலியோவின் படத்தையும், அச்சகத்திலிருந்து வந்த மாதிரிப் பத்திரிகையையும் வைத்தார். நயேலிக்குக் கல்யாணம்.

"அப்பா பேருக்குப் பக்கத்துல சிலுவை போடணுமா வேண்டாமான்னு அச்சகத்துக்காரன் கேக்கறான். போட்டா செத்தவர். போடலேன்னா, ஏன் பொண்ணைக் கைபிடிச்சுக் கோயிலுக்குள்ள கூட்டிட்டு வரலேன்னு மாப்பிள்ளை வீட்டுல கேப்பாங்க. என் பொண்ணு ராத்திரியெல்லாம் அழறா. நான் வீட்டு ஆள். என் வாயால சொல்றேன். என் புருஷன் இறந்துட்டார். வாசி, அக்கா."

ஒத்தீலியா படத்தைத் தொடவில்லை. "முடியாது."

"விதி நீ போட்டதுதானே? ஊருக்கெல்லாம் ஒண்ணு, உனக்கு ஒண்ணா?"

"அவன் கேட்டுக்கிட்டு இருக்கான், அம்பாரோ. அவன் முகத்துக்கு நேரா 'நீ செத்துட்டே'ன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? இதுவரைக்கும் அவனுக்கு யாரும் சொல்லல. அவனுக்குத் தெரியாது."

அம்பாரோ நாற்காலியில் உட்கார்ந்தார். அழுவார் என்று நினைத்தேன். அவருக்குக் கோபம்தான் வந்தது.

"உன்னைத்தான் கூப்பிடறார். எப்பவும் உன்னைத்தான். என் வீட்டுலயும் ஃபோன் இருக்கு. அவர் போன நாள்லேருந்து நம்பரை மாத்தாம வெச்சிருக்கேன். ஒரு தடவை அடிச்சிருக்குமா? கட்டினவ நான். கதவு திறந்து வெச்சிருந்தது நான். நீ இங்க உட்கார்ந்து உதட்டுச் சாயம் பூசிக்கிட்டு சொன்னே, அவ்வளவுதான்."

தோன் ஃபெர்மீன் தொண்டையைச் செருமினார்.

"வெயில் காலத்துல வாசிக்கலாமே" என்றார். "நல்லாக் கொளுத்தற நாளாப் பார்த்து. அலையோட பலத்தை நான் குறைச்சு வெக்கறேன். வாய்க்காலைத் தாண்டாது. ஊருக்குக் கேக்கும். வேற எங்கயும் கேக்காது."

நாத்தனாரும் தம்பி மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இந்தப் பொண்ணு வாசிக்கட்டும்" என்று என்னைக் காட்டினார் ஒத்தீலியா. "என் குரல்னா அவனுக்குத் தெரிஞ்சிடும்."

ஆலையின் தகரக் கூரை கானலில் நெளிந்த ஒரு நாளில் நான் வாசித்தேன். படத்தைக் கேமராவுக்குக் காட்டினேன். என் குரல் அழவில்லை. பஸ் நேரம்போலவும் இல்லை என்று நம்புகிறேன். நான் முடிக்கும்வரை ஒத்தீலியா மேசையருகே நின்று, குழந்தையைத் தூங்கவைப்பதுபோல் தொலைபேசியின்மேல் இரு கைகளையும் வைத்திருந்தார். அது அடிக்கவில்லை. அன்று மாலையே அம்பாரோ வீட்டில் அடுப்புகள் எரிந்தன, செபம் தொடங்கியது. பத்திரிகையில் சிறிய சிலுவை அச்சாயிற்று. அக்டோபரில் நயேலி தேவாலயத்துக்குள் நுழைந்தபோது, ஒரு கையை அம்மாவும் மறு கையை அத்தையும் பிடித்திருந்தார்கள்.

அடுத்த பனியில் தொலைபேசி அடித்தது. கோடையில் நான் வாசித்தது அவனுக்கு எட்டவில்லை என்று தெரிந்ததும் ஒத்தீலியா நிம்மதியாக மூச்சு விட்டார். அன்று வாசிக்க வேண்டியதை எல்லாம் ஒதுக்கிவிட்டு, கேமராவைப் பார்த்து நயேலியின் கல்யாணத்தைச் சொல்லத் தொடங்கினார். உடையின் நீளம், மாப்பிள்ளையின் காது, எரிந்துபோன சோறு, தோன் ஃபெர்மீன் ஆடியபோது கிழிந்த கால்சட்டை. ஊரும் பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. மேசையில் கிடந்த ரிசீவரிலிருந்து நாற்காலியின் கிறீச்சொலி கேட்டது, யாரோ முன்னால் நகர்ந்து உட்கார்ந்ததுபோல.

இந்த ஜனவரியில் ஒத்தீலியா இறந்துபோனார். காலையில் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தவர் எழவில்லை. அன்றிலிருந்து பனி விலகவும் இல்லை. அம்பாரோ படத்தைக் கொண்டுவந்து வைத்து, தன் வாயால் சொல்லிவிட்டார். நயேலி உரித்த சோளத்தோல்களை ஊறவைத்துக் காத்திருக்கிறாள். பாதிரியார் ஆள் அனுப்பிக் கேட்டார். கடைத்தெருவில் பெண்கள் "ஒத்தீலியா எப்படி இருக்கா?" என்று இன்னும் நிகழ்காலத்தில்தான் விசாரிக்கிறார்கள். நான் வாசிக்காமல் அவர்களால் வேறு மாதிரி கேட்க முடியாது.

இன்று காலை நீலத் திரைக்கு முன் உட்கார்ந்தேன். படம் என் மடியில் இருந்தது. தோன் ஃபெர்மீன் கேமராவுக்குப் பின்னால் நின்று, நான் தலையசைக்கக் காத்திருந்தார். அப்போது தொலைபேசி அடித்தது. அவர் எடுத்து, கேட்டு, ரிசீவரை மேசையில் மெதுவாக வைத்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். தண்ணீர் ஓடும் சத்தம் எனக்கும் கேட்டது. நான் இன்னும் தலையசைக்கவில்லை.

போன நவம்பரில் ஒரு நாள், பனி தொடங்குவதற்கு முன்னால், நானும் ஒத்தீலியாவும் ஜன்னலோரம் இனிப்பு ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது அவர் என்னிடம் கேட்டுக்கொண்டது இது:

"என் பேரு உன் கைக்கு வரும்போது, பனி இருந்தா வாசிக்காதே. வெயில் வர்ற வரைக்கும் வெச்சிரு. அம்பாரோ திட்டுவா, திட்டட்டும். நடுவுல அவன் கூப்பிட்டான்னா, ஒத்தீலியா கடைக்குப் போயிருக்கா, இப்ப வந்துடுவான்னு சொல்லு. நான் எங்கேன்னு அவன் கேக்க மாட்டான். கேக்கலேன்னாலும் நீ சொல்லு."